‘ரைட் பண்ணுன சிடி போட்டீங்களா?’

பிளேயர் மக்கர் செய்தால் முதலில் மாட்டிக்கொள்வது வீட்டில் பதிவு செய்த சிடிதான். அந்தப் பழியில் எவ்வளவு உண்மை? கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் ஒரு விசாரணை.

திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டை ஒட்டிய சந்து. எட்டுக்குப் பத்து அளவில் ஒரு மெக்கானிக் கடை. மேசையில் மூடி கழற்றிய மியூசிக் சிஸ்டம். எதிரே ஸ்டூலில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், மடியில் மஞ்சள் பை, பைக்குள் சிடிகள்.

“பையன் ரைட் பண்ணிக் கொடுத்த சிடியைப் போட ஆரம்பிச்சதுலேருந்துதான் தம்பி இப்படி. கடையில வாங்குனதப் போட்டா பாடுது, இதப் போட்டா முழிக்குது. சர்வீஸ் சென்டர்ல கேட்டா, ‘கண்ட சிடியப் போட்டா லென்ஸ் போகத்தான் செய்யும்’ங்கிறாங்க.”

மெக்கானிக் ஒன்றும் சொல்லாமல் அந்த சிடியையே தட்டில் வைத்து பிளே பொத்தானை அழுத்துகிறார். மூடி இல்லாததால் உள்ளே நடப்பதெல்லாம் தெரிகிறது. பட்டாணி அளவுக் கண்ணாடி லென்ஸ் ஒன்று எழும்புகிறது, இறங்குகிறது, மறுபடி எழும்புகிறது. வட்டு அரைச்சுற்று சுற்றித் தயங்குகிறது. லென்ஸ் இன்னொரு முறை தலையை நீட்டிப் பார்க்கிறது. பிறகு எல்லாம் அடங்கி, திரையில் ‘நோ டிஸ்க்’.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பஞ்சு சுற்றிய குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொட்டு லென்ஸ் மேல் ஒரே ஒரு சுற்று. பஞ்சின் நுனி பழுப்பாகத் திரும்பி வருகிறது.

“சாமி ரூம் பக்கத்துலயா சார் வச்சிருக்கீங்க? ஊதுபத்திப் புகை அப்பியிருக்கு.”

“ஆமாம்பா, ஷெல்ஃபு அங்கதான் இருக்கு.”

மறுபடி பிளே. இப்போது வட்டு தயங்கவில்லை. சீர்காழி கோவிந்தராஜன் குரல் சந்து வரை கேட்கிறது. ஆசிரியருக்கு இன்னும் சமாதானமாகவில்லை. “அப்ப கடையில வாங்குனது மட்டும் எப்படிப் பாடுச்சு?”

“உங்களுக்குக் கண்ணாடி இல்லாமயே காலண்டர்ல தேதி தெரியும். கீழ பொடி எழுத்துல இருக்கற ராகு காலம் தெரியாது. காலண்டர் மேல தப்பா சார்?”

இந்தக் கட்டுரை விரித்துச் சொல்லப்போவதை அந்த மெக்கானிக் ஒரே வரியில் முடித்துவிட்டார். ஆனாலும் விரிக்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இந்த நம்பிக்கை அந்த ஆசிரியருடையது மட்டுமல்ல. பரணிலிருந்து பழைய மியூசிக் சிஸ்டத்தை இறக்குகிறவர்களும், சிடி பிளேயரோடு பழைய கார் வாங்குகிறவர்களும் இதே பயத்தோடுதான் கடைக்கு வருகிறார்கள். அந்தப் பயம் ஒரு பெரிய இழப்பை மறைத்துக்கொண்டிருக்கிறது. அதற்குக் கடைசியில் வருவோம்.

கேசட்டில் தொடங்கிய பழி

எண்பதுகளில் தமிழ்நாட்டில் பஸ் நிலையம் இருந்த ஊரிலெல்லாம் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. நீள நோட்டுத் தாளில் பாட்டு வரிசை எழுதி, ஒரு அறுபது நிமிட கேசட்டோடு கொடுத்துவிட்டு வந்தால் பக்கத்துக்கு ஆறேழு பாட்டாகப் பதிந்து தருவார்கள். மலிவு கேசட்டில் நாடா உதிர்ந்து ஹெட்டில் கருப்பாகப் படியும். அப்படிப்பட்ட நாடா டேப் ரெக்கார்டரைக் கெடுத்தது உண்மை. நாடாவும் ஹெட்டும் உரசிக்கொண்டே ஓடுகிறவை, ஒன்றின் அழுக்கு மற்றதில் ஒட்டாமல் இருக்காது.

சிடி வந்தபோது இந்த அனுபவம் அப்படியே இடம் மாறியது. 1982 அக்டோபரில் ஜப்பானில் சோனியின் முதல் சிடி பிளேயர் விற்பனைக்கு வந்தது. எழுதக்கூடிய சிடிக்கான சாயத் தொழில்நுட்பத்தை 1988-ல் ஜப்பானின் தையோ யூடன் நிறுவனம் கொண்டுவந்தது. நம் ஊர்களில் 2000-க்குப் பிறகு கம்ப்யூட்டர் சென்டர்களில் ‘சிடி ரைட்டிங்’ போர்டு தொங்கியது. ஒரு வட்டுக்குள் எம்பி3 வடிவில் ஏறத்தாழ 150 பாட்டு. நொய்டாவின் மோசர் பேயர் நிறுவனம் வெற்று வட்டுகளை நாடெங்கும் நிறைத்தது. 2007 வாக்கில் சினிமா விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் அதே நிறுவனம் விற்றபோது, ஒரிஜினலுக்கும் நகலுக்கும் இருந்த விலை வித்தியாசமே சுருங்கிப்போனது. 2018-ல் அந்த நிறுவனம் கலைப்புக்குப் போனது.

இடையில் சட்டமும் நுழைந்தது. 1982-ம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டத்தில் 2004-ல் வீடியோ திருட்டையும் சேர்த்தது தமிழக அரசு. ‘திருட்டு விசிடி’ என்ற பெயர் ஊரெல்லாம் பரவியது. திருட்டு என்று பேரெடுத்தது கெடுதலாகவும்தான் இருக்கும் என்று மனசு தானாகவே கணக்குப் போட்டுக்கொண்டது. பையன் வீட்டில் எழுதிய சுப்ரபாதமும் அதே கூண்டில் ஏறிவிட்டது. சட்டக் குற்றம் வேறு, இயந்திரக் கோளாறு வேறு. லேசருக்கு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் தெரியாது.

தொடாமல் படிக்கும் கருவி

சிடி பிளேயரில் பாட்டு இருக்கும் பரப்பை எதுவும் தொடுவதில்லை. நடுத்துளையைச் சுற்றியுள்ள பாட்டில்லாத வளையத்தை மட்டும் சுழல்மேடை பிடித்துக்கொள்கிறது. 780 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட, கண்ணுக்குக் கிட்டத்தட்டத் தெரியாத அகச்சிவப்பு லேசர் கீழிருந்து மேலே போகிறது. வட்டின் உள்ளிருக்கும் கண்ணாடிப் படலத்தில் பட்டுத் திரும்புகிறது. எவ்வளவு திரும்பியது என்பதிலிருந்து பாட்டு பிறக்கிறது. வட்டு நிமிடத்துக்கு 500 முதல் 200 சுற்று வரைதான் சுழலும். உள்ளே இருக்கும்போது வேகம், வெளியே போகப்போக மெதுவு.

கம்பெனியில் அச்சடித்த வட்டில் நுண்ணிய பள்ளங்கள் இருக்கும். வீட்டில் எழுதிய வட்டில் பள்ளம் கிடையாது, ஒரு சாயப் படலம் இருக்கும். எழுதும் லேசர் அந்தச் சாயத்தைப் புள்ளி புள்ளியாகச் சுட்டு வைக்கிறது. படிக்கும்போது சுட்ட இடம் மங்கல், சுடாத இடம் பளிச்சு. பிளேயருக்குத் தெரியும் வித்தியாசம் இவ்வளவுதான்.

வேறுபடுவது வெளிச்சத்தின் அளவு. அச்சடித்த வட்டு, விழும் ஒளியில் குறைந்தது 70 சதவீதத்தைத் திருப்ப வேண்டும் என்பது தரவிதி. ஒருமுறை எழுதும் சிடி-ஆர் வட்டுக்கு 65 சதவீதம். இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இல்லை. அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூ வட்டு 15 முதல் 25 சதவீதம்தான் திருப்பும். 1997-ல் அது சந்தைக்கு வருவதற்கு முன்பு செய்த பிளேயர்கள் பலவும் அதைக் கண்டதும் ‘நோ டிஸ்க்’ என்று கைவிரித்தது இதனால்தான்.

குறைந்த வெளிச்சம் வந்தால் லேசர் கூடுதலாக எரிந்து சீக்கிரம் தீர்ந்துபோகாதா? மெக்கானிக்குகளிலேயே பலர் நம்புவது இதைத்தான். ஆனால் லேசருக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன ஒளி உணரி இருக்கிறது. லேசர் எவ்வளவு எரிகிறது என்று அது நேரடியாகப் பார்த்து, மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்து ஒரே அளவில் வைத்துக்கொள்ளும். வட்டிலிருந்து என்ன திரும்பி வருகிறது என்பது அதன் கவலை இல்லை. திரும்பி வந்த மங்கலான சமிக்ஞையை அதற்கப்புறமுள்ள மின்சுற்று பெருக்கிக்கொள்கிறது. லேசர் எப்போதும்போல அதே அளவில்தான் எரிகிறது.

உழைப்பு சற்றுக் கூடுவது லென்ஸை ஆட்டும் கம்பிச்சுருளுக்கு. வட்டு நெளிந்திருந்தாலோ, மையம் விலகியிருந்தாலோ, கீறல் மலிந்திருந்தாலோ லென்ஸ் ஓயாமல் மேலும் கீழும் பக்கவாட்டிலும் தேடிக்கொண்டிருக்கும். இந்தத் தொல்லை கீறல் விழுந்த ஒரிஜினலாலும் வரும். வட்டை எங்கே எழுதினார்கள் என்பது இதில் கணக்கே இல்லை.

▣ பெட்டிச் செய்தி: கண்ணால் பார்த்தே சொல்லலாம்

அடிப்பக்கம் நல்ல வெள்ளி நிறம்: கம்பெனி அச்சு.
வெளிர் பச்சை, பொன் சாயல், நீலம்: சிடி-ஆர். சாயத்தின் வகையைப் பொறுத்து நிறம் மாறும்.
மங்கிய சாம்பல்: ஆர்டபிள்யூ. பழைய பிளேயரில் ஓடாவிட்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.
எழுதி முடித்ததும் ‘ஃபைனலைஸ்’ செய்யாத வட்டைச் சாதாரண பிளேயர் ஏற்காது. இது பழுது இல்லை.
எம்பி3 தெரியாத பிளேயரில் எம்பி3 வட்டு பாடாது. இதுவும் பழுது இல்லை.

உண்மையான சந்தேக நபர்

இப்போது ஆசிரியரின் கேள்வியை மறுபடி எடுப்போம். ரைட் பண்ணிய சிடியைப் போட ஆரம்பித்த பிறகு பிளேயர் கெட்டது என்கிறார். நடந்தது பெரும்பாலும் தலைகீழ். பிளேயர் ஏற்கெனவே தளர்ந்துகொண்டிருந்தது. லேசர் டையோடு மணிக்கணக்கில் எரிந்து வயதாகிறது, லென்ஸில் புகை படிகிறது. பளிச்சென்ற அச்சு வட்டு அந்தத் தளர்ச்சியைக் காட்டிக்கொடுக்காது. கொஞ்சம் மங்கலான சிடி-ஆர் காட்டிக்கொடுத்துவிடும். இன்னும் ஓராண்டு போனால் ஒரிஜினலும் பாடாது. அப்போது குடும்பமே சேர்ந்து, “அன்னைக்கே சொன்னேன்ல, அந்த சிடியால வந்த வினை” என்று பேசும்.

கடலூரில் இந்தத் தளர்ச்சி வேகமாக வருவதற்கு உள்ளூர்க் காரணம் உண்டு. தேவனாம்பட்டினத்திலும் பழைய நகரத்திலும் கடற்காற்று சன்னல் கிரில்லையே தின்கிறது. பிளேயருக்குள் லென்ஸ் தொகுதி நகரும் எஃகுத் தண்டவாளத்தில் துருப் புள்ளி விழுகிறது. ரிப்பன் கேபிள் செருகும் இடத்தில் பச்சை பூக்கிறது. தண்டவாளத்தில் தடவிய கிரீஸ் காலப்போக்கில் பிசினாகி, லென்ஸ் வெளி ஓரத்துக்குப் போக முடியாமல் பாதியில் நின்றுவிடுகிறது. தட்டை இழுக்கும் ரப்பர் பெல்ட் வெயிலில் தளர்ந்து வழுக்குகிறது. பழுதுக்கு வரும் பெட்டிகளைத் திறந்தால் கண்ணில் படுவது இவைதான். இதில் எதையும் சிடி செய்யவில்லை.

இன்னொரு சந்தேக நபரைப் பற்றிச் சொன்னால் நமது மெக்கானிக்குகள் கோபித்துக்கொள்ளக் கூடாது. லென்ஸ் தொகுதியின் ஓரத்தில் கடுகு அளவில் ஒரு திருகு இருக்கும், ‘ப்ரீசெட்’ என்பார்கள். அதைக் கொஞ்சம் திருப்பினால் லேசருக்கு மின்னோட்டம் கூடும். ஓடாத சிடி ஓடும், வாடிக்கையாளர் மகிழ்ச்சியாகப் போவார். லேசரின் மிச்ச ஆயுள் அந்த நிமிடத்திலிருந்து மளமளவென்று கரையும். சில மாதத்தில் அவர் திரும்பி வரும்போது, “என்ன சிடி போட்டீங்க?” என்ற கேள்வி காத்திருக்கும். முதலில் துடைத்துப் பார்த்து, அதற்குப் பிறகும் ஓடாவிட்டால் லென்ஸ் தொகுதியையே மாற்றச் சொல்கிறவர் நல்ல மெக்கானிக். சோனியின் கேஎஸ்எஸ்-213 போன்ற பொது வகைகள் பல கம்பெனி பெட்டிகளில் பொருந்தும் என்பதால் அது பெரிய வேலையும் இல்லை.

வீட்டில் மூடியைக் கழற்றித் துடைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிளக்கைப் பிடுங்காமல் கை வைக்காதீர்கள். எரிகிற லேசரை நேருக்கு நேர் பார்ப்பது கண்ணுக்கு ஆபத்து. ஒளி மங்கலாகத் தெரிகிறது என்பதற்காக அது சாதுவானது என்று அர்த்தமில்லை.

பிளேயரோடு வந்த கையேடு வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான கம்பெனிகள் எழுதுவது ஒரே மாதிரி: பதிவின் தரத்தைப் பொறுத்துச் சில சிடி-ஆர் வட்டுகள் ஓடாமல் போகலாம். ஓடாமல் போகலாம் என்பது வரை சரி. அதைக் கருவி கெடும் என்று மாற்றியது சர்வீஸ் கவுண்டரின் வாய்மொழி. உத்தரவாதக் காலத்தில் பணம் கேட்க அது வசதியான வாய்மொழி என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மைக்செட்காரர்களின் சோதனைச்சாலை

ஆய்வுக்கூடம் தேவையில்லை, மைக்செட்காரர்களைப் பார்த்தாலே போதும். சிதம்பரத்தைச் சுற்றிய கிராமங்களில் ஆடி, தை, பங்குனி என்று மாதக்கணக்கில் அவர்கள் கொட்டகைதான். இசைத்தட்டு, கேசட், சிடி, பென்டிரைவ் என்று நாலு தலைமுறையைப் பார்த்துவிட்டார்கள். சிடி காலத்தில் அவர்கள் ஓட்டியதில் பெரும்பகுதி ரைட் பண்ணிய வட்டுகள்தான். விடியற்காலை விநாயகர் பாட்டு, பகலில் அம்மன் பாட்டு, இரவில் சினிமாப் பாட்டு. தெருப் புழுதி, கற்பூரப் புகை, ஜெனரேட்டரின் ஏறி இறங்கும் வோல்டேஜ்.

அந்தப் பிளேயர்களும் செத்தன. ஆனால் எதனால் செத்தன என்று அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் பலர் திருவிழா முடிந்ததும் லென்ஸைத் துடைத்துத் துணி மூடி வைத்தார்கள், ஜெனரேட்டருக்கும் பிளேயருக்கும் நடுவே ஸ்டெபிலைசர் வைத்தார்கள். வட்டை மாற்றுவதைவிடத் தூசியை அகற்றுவது முக்கியம் என்பது அவர்கள் தொழில் பாடம்.

சிதம்பரத்தில் 1981-லிருந்து மகா சிவராத்திரியை ஒட்டி நடக்கும் நாட்டியாஞ்சலியில் இந்த விஷயத்துக்கு வேறு அவசரம். வெளியூரிலிருந்து வரும் குழுக்கள் எல்லாமே பாட்டு, நட்டுவாங்கம், மிருதங்கம் என்று ஆள் கூட்டி வர முடியாது. பதிவிசைக்கு ஆடுகிறவர்கள் உண்டு. சிடி காலத்தில் அந்தப் பதிவிசை வீட்டிலோ ஸ்டுடியோவிலோ எழுதிய வட்டு. மேடையில் நடராஜருக்கு அஞ்சலி செய்து நிற்கும்போது பிளேயர் ‘நோ டிஸ்க்’ என்றால்? விவரம் தெரிந்த ஆசிரியைகள் ஒரே பாட்டை இரண்டு வட்டில் எழுதி, இரண்டையும் வேறு வேறு கம்பெனி பிளேயரில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறினார்கள். வட்டால் பிளேயர் கெடும் என்று அவர்கள் பயப்படவில்லை. பிளேயர் வட்டைப் படிக்காமல் விட்டுவிடும் என்றுதான் பயந்தார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது.

▣ பெட்டிச் செய்தி: இவை நிஜமாகவே கெடுக்கும்

காகித ஸ்டிக்கர் ஒட்டிய வட்டு: கார் பிளேயருக்கு முதல் எதிரி. கத்திரி வெயிலில் நிறுத்திய காரில் பசை இளகி, ஓரம் பிரிந்து உள்ளேயே சிக்கும். எடை ஒருபக்கம் சாய்ந்தால் வட்டு அதிரும். அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனம் 2003-ல் வெளியிட்ட வழிகாட்டியும் ஒட்டும் லேபிள் வேண்டாம் என்கிறது.
விரிசல் விட்ட வட்டு: பெட்டியிலிருந்து வளைத்துப் பிடுங்கும்போது நடுத்துளையைச் சுற்றி விரிசல் வரும். பாட்டுப் பிளேயரின் மெதுவான வேகத்தில் பெரும்பாலும் தப்பிக்கும். நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று வரை போகும் கணினி டிரைவில் சுக்குநூறாக வெடிக்கலாம்.
இதய வடிவம், விசிட்டிங் கார்டு வடிவம், சின்ன 8 சென்டிமீட்டர் வட்டு: உறிஞ்சி இழுக்கும் வகைப் பிளேயரில் போட்டால் வெளியே வராது.
வெள்ளிப் படலம் உரியும் மலிவு வட்டு: உதிரும் செதில் லென்ஸ் மேலேயே விழும். வீட்டில் எழுதிய சிடி மேல் சுமத்த ஒரு நியாயமான குற்றச்சாட்டு இருக்கிறதென்றால் இதுதான்.
பிரஷ் வைத்த லென்ஸ் கிளீனர் சிடி: மெல்லிய கம்பியில் தொங்கும் லென்ஸை அடித்துத் துடைக்கிறது. பல கார் கம்பெனிகளின் கையேடுகளே இதைப் போடாதே என்கின்றன.

ஒரிஜினலே வினையான கதை

வீட்டு வட்டுகளை ஒழிக்கக் கிளம்பிய இசைக் கம்பெனிகள்தான் கருவிகளுக்குத் தொல்லை தரும் வட்டுகளை விற்றன என்பது இந்த விவகாரத்தின் வேடிக்கையான திருப்பம்.

2002-ல் பாடகி செலின் டியோனின் ‘எ நியூ டே ஹஸ் கம்’ ஆல்பம் ஐரோப்பாவில் நகல் எடுக்க முடியாத பூட்டோடு வந்தது. காசு கொடுத்து வாங்கிய ரசிகர்கள் அதை ஆப்பிள் ஐமேக் கணினியில் போட்டபோது கணினி உறைந்து நின்றது, வட்டு வெளியே வர மறுத்தது. அப்படிப்பட்ட வட்டுகள் சிடி தரவிதிக்கே உட்பட்டவை அல்ல என்று ஆப்பிள் அறிவிப்பு போட வேண்டி வந்தது. சிடியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பிலிப்ஸும், பூட்டுப் போட்ட வட்டுகளில் காம்பாக்ட் டிஸ்க் முத்திரை இருக்கக் கூடாது என்று நின்றது. அந்த விலை உயர்ந்த பூட்டை உடைத்தது எது தெரியுமா? ஒரு ஸ்கெட்ச் பேனா. வட்டின் வெளி ஓரத்தில் கோடு இழுத்தால் போதும், பூட்டு திறந்துகொண்டது.

2005-ல் இதைவிட மோசம். சோனி பிஎம்ஜி வெளியிட்ட சுமார் ஐம்பது ஆல்பங்களில் இருந்த பூட்டு மென்பொருள், வாங்கியவரின் கணினிக்குள் யாருக்கும் தெரியாமல் ஒளிந்துகொண்டு, வைரஸ்கள் ஒளியவும் இடம் கொடுத்தது. நவம்பரில் வட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதே ஆண்டுதான் இளையராஜாவின் ‘திருவாசகம்’ சிம்பொனி சிடியாக நம் வீடுகளுக்கு வந்தது. மாணிக்கவாசகர் முக்தி பெற்ற தில்லையில் அதை விலை கொடுத்து வாங்கியவர்களும் இருந்தார்கள், ரைட் பண்ணி வாங்கியவர்களும் இருந்தார்கள். இரண்டும் பிளேயரில் ஒரே மாதிரிதான் ஓடின.

கெட்டுப்போவது எது?

பிளேயருக்காகக் கவலைப்பட்டதில் வட்டை யாரும் கவனிக்கவில்லை. பிளேயர் போனால் இன்னொன்று வாங்கலாம். வீட்டில் எழுதிய வட்டில் இருப்பது பெரும்பாலும் வேறெங்கும் கிடைக்காதது. கல்யாண வீடியோ, தாத்தா பாடிய தேவாரம், பாட்டு வாத்தியாரின் வகுப்பு, சபாக் கச்சேரியை ரகசியமாகப் பதிந்தது.

சிதம்பரத்தில் இது சாதாரணக் கவலை இல்லை. 1929-ல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத் துறையில் தலைமுறை தலைமுறையாகப் படித்தவர்கள் ஊரெங்கும் இருக்கிறார்கள். 1941-ல் தமிழிசை மாநாடு கூடிய ஊர். இங்கே மேலவீதி, கீழவீதி வீடுகளின் அலமாரிகளில் கேசட்டிலிருந்து சிடிக்கு மாற்றிய பாடங்கள் கிடக்கின்றன. மாற்றியவுடன் கேசட்டைத் தூக்கிப் போட்டவர்கள் அதிகம். சிடி நிரந்தரம் என்று நம்பினார்கள். சில கம்பெனிகள் நூறு ஆண்டு தாங்கும் என்று விளம்பரமும் செய்தன.

சாயம் நூறு ஆண்டு தாங்குவதற்கு நிபந்தனை உண்டு. மேலே சொன்ன அமெரிக்க வழிகாட்டி கேட்பது 4 முதல் 20 டிகிரி வெப்பம், 20 முதல் 50 சதவீத ஈரப்பதம். மார்கழி விடியலில்தான் கடலூர் அந்த 20-ஐ எட்டிப் பார்க்கும். ஈரப்பதத்தை ஆண்டு முழுக்க 50-க்குக் கீழ் வைக்க ஏசி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பரணில், தகரப் பெட்டியில், சன்னல் வெயில் படும் டிவி ஸ்டாண்டில் வைத்த வட்டில் சுட்ட இடத்துக்கும் சுடாத இடத்துக்கும் உள்ள வித்தியாசம் மெல்ல மங்குகிறது. ஒருநாள் பிளேயருக்கு அது வெறும் பிளாஸ்டிக். வயலோரக் கயிற்றில் பறவை விரட்டத் தொங்கும் சிடிகளில் எத்தனையில் யார் வீட்டுச் சீமந்தம் இருந்ததோ.

மங்குவது பெரும்பாலும் வெளி ஓரத்தில் முதலில் தெரியும். பாட்டு உள்ளிருந்து வெளியே எழுதப்படுவதால், கடைசிப் பாட்டு விக்கினால் வட்டு நோயாளி என்று சந்தேகப்படுங்கள். ஒரே வட்டு எந்தப் பிளேயரிலும் ஒரே இடத்தில் விக்கினால் சந்தேகமே வேண்டாம். எல்லா வட்டும் ஒரு பிளேயரில் மட்டும் விக்கினால் குறை பிளேயரில்.

பலரும் அடிப்பக்கத்தைத்தான் பொத்திப் பாதுகாக்கிறார்கள். சிடியில் ஆபத்தான பக்கம் மேலே, எழுத்து இருக்கும் பக்கம். கீழே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பாலிகார்பனேட் கவசம் இருக்கிறது. தடத்தில் இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகவல் போனாலும் பிழைதிருத்தும் கணக்கு அதை ஈடுகட்டிவிடும். மேலே கண்ணாடிப் படலத்துக்கும் வெளியுலகுக்கும் நடுவே இருப்பது மெல்லிய வார்னிஷ் பூச்சுதான். பால்பாயின்ட் பேனாவால் ‘கமலா கல்யாணம்’ என்று அழுத்தி எழுதினால் கல்யாணத்தின் மேலேயே எழுதியதாக ஆகும்.

கடலூருக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2015 நவம்பர் வெள்ளம். வெள்ளம் வடிந்தபின் சேற்றோடு கிடைத்த வட்டுகளைப் பலர் குப்பையில் கொட்டினார்கள். நல்ல தண்ணீர் பட்டதால் மட்டும் சிடி சாவதில்லை. சேற்றைத் தேய்த்துத் துடைப்பதுதான் கொல்கிறது. சுத்தமான தண்ணீரில் அலசி, நிறுத்திவைத்து நிழலில் உலர்த்தி, மென்துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தின் திசையிலேயே ஓடும், பிழைதிருத்தம் தோற்றுப்போகும். மேல்பக்கத்தில் ஒட்டிக்கொண்ட அட்டையை உலர்ந்தபின் பிய்த்தால் வெள்ளியும் சேர்ந்து வந்துவிடும், ஈரத்திலேயே மெதுவாகப் பிரிக்க வேண்டும்.

▣ பெட்டிச் செய்தி: எந்த வட்டை முதலில் காப்பாற்றுவது?

புது மடிக்கணினிகளில் சிடி டிரைவ் கிடையாது. யுஎஸ்பியில் செருகும் வெளி டிரைவ் ஒன்று போதும், தெருவுக்கு ஒன்று இருந்தாலே போதும். காப்பி எடுக்கும் வரிசை இது:

முதலில் ஸ்டிக்கர் ஒட்டியவை. பிய்க்க முயல வேண்டாம், அப்படியே படிக்கவிடுங்கள்.
அடுத்து சாம்பல் நிற ஆர்டபிள்யூ.
பிறகு பெயர் தெரியாத மலிவு வட்டுகள், மேல்பக்கத்தில் ஊசித் துளைபோல் வெளிச்சம் தெரிகிறவை.
கல்யாண டிவிடிகளும் இதே சாய வகைதான், அவற்றையும் இந்த வரிசையிலேயே வையுங்கள்.
வேகத்தைக் குறைத்துப் படிக்கவிடுங்கள். ஒரு டிரைவ் மறுத்தால் வேறு கம்பெனி டிரைவில் போடுங்கள். முடிந்தால் அந்த வட்டை எழுதிய பழைய கம்ப்யூட்டரையே தேடுங்கள், மற்றவை கைவிட்ட வட்டை அது பல நேரம் படித்துவிடும்.
எடுத்த நகலை இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். அடுத்த புயலுக்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.